விரலுக்கேற்ற வீக்கம்

முகூர்த்த நாளில் திருவந்திபுரத்தில் நின்று பேச இடம் கிடைக்காது. தேவநாதசுவாமி கோயிலைச் சுற்றி ஒரு கெட்டிமேளம் அடங்குவதற்குள் அடுத்தது எழும். எங்கள் வீட்டுத் தாலிகட்டு முடிந்து பந்திக்கு நேரமிருந்ததால், நானும் என் தங்கை மகனும் டீக்கடை பெஞ்சுக்கு ஒதுங்கினோம். காலையில் மொய் எழுத உட்கார்ந்தவன் அவன்தான். நீளவாக்கு நோட்டும் பேனாவும் இன்னும் மடியிலேயே இருந்தன.

அவன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேரத்தில் சிறுபிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறான். இரவில் இங்கிலாந்து ஆட்டங்களைப் பார்க்கிறான். நான் முப்பது வருடம் மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் நடத்தியவன். டீ வருவதற்குள் அவன் கேட்டான்:

"மாமா, நியூகாசில் கிளப்ப 2021-ல சவுதி அரசு நிதியம் வாங்கிச்சு. காசுக்குப் பஞ்சமே இல்ல. அப்புறம் ஏன் 2024-ல எலியட் ஆண்டர்சன வித்தாங்க? சின்ன வயசுலேர்ந்து அங்கயே வளந்த பையன். அவங்க காச அவங்க செலவு பண்றத யாரு தடுக்கிறது?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல முதலில் விலை என்றால் என்ன என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

"ஐபிஎல் ஏலத்துல ரிஷப் பந்த்துக்கு 27 கோடி. அது யாருக்குப் போகுது மாப்ள?"

"பந்த்துக்கு."

"ஆமா, அது சம்பளம். கால்பந்துல டிரான்ஸ்ஃபர் தொகைன்னு சொல்றது வீரருக்குப் போறதில்ல. அவர வச்சிருந்த கிளப்புக்குப் போகுது. சம்பளம் அதுக்கு மேல தனி."

கால்பந்து வீரர் ஒரு கிளப்போடு நாலு வருடம், ஐந்து வருடம் என்று ஒப்பந்தம் போடுகிறார். அது முடிந்துவிட்டால் காசில்லாமல் வேறு கிளப்புக்குப் போகலாம். பெல்ஜியத்து வீரர் போஸ்மன் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அந்தக் கதவைத் திறந்தது. ஒப்பந்தம் முடியுமுன் ஆள் வேண்டுமென்றால், இருக்கும் கிளப்புக்கு விலை கொடுத்து எடுக்க வேண்டும். 2017 ஆகஸ்டில் பார்சிலோனாவிடமிருந்து நெய்மரை எடுக்கப் பாரிஸ் கிளப் கொடுத்தது 222 மில்லியன் யூரோ. அன்றைய மதிப்பில் 1,600 கோடி ரூபாய்க்கு மேல். இவ்வளவும் பழைய கிளப்புக்கு. நெய்மரின் சம்பளம் இதில் சேரவில்லை.

இனி, தடுப்பது யார், எதற்காக என்பது. இதைப் பணக்காரர் மேல் உள்ள பொறாமை என்று நினைத்துவிடக் கூடாது. போர்ட்ஸ்மத் என்று ஒரு துறைமுக ஊர், நம் கடலூர் மாதிரி. அந்த ஊர்க் கிளப் 2008-இல் எஃப்ஏ கோப்பையை வென்றது. வருமானத்துக்கு மீறிய சம்பளத்துக்கு ஆட்களைச் சேர்த்தது. 2010 பிப்ரவரியில், இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரீமியர் லீகில் ஆடிக்கொண்டிருந்தபோதே கடன் தாங்காமல் திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. 2013-இல் நாலாம் நிலை லீகில் கிடந்தது. பரி என்ற இன்னொரு கிளப் 1885-இல் தொடங்கியது. பணப் பிரச்சினையால் 2019 ஆகஸ்டில் லீகை விட்டே நீக்கப்பட்டது. முதலாளி கைகழுவிவிட்டுப் போய்விடலாம். அந்த ஊர்க்காரன் எங்கே போவான்? அவன் தாத்தா உட்கார்ந்த இருக்கை அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா 2011-இல் வரவுக்குள் செலவு என்ற விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிரீமியர் லீகும் தனக்கென ஒன்று வைத்தது. மூன்று வருடக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் நஷ்டம் 105 மில்லியன் பவுண்டைத் தாண்டக் கூடாது என்றது அந்த விதி. முதலாளி எவ்வளவு பெரிய தனவந்தராக இருந்தாலும் அந்தக் கோடு கோடுதான்.

நம் ஆட்கள் ஒரே வரியில் சொல்வார்கள்: விரலுக்கேற்ற வீக்கம்.

"சரி மாமா, ஆனா செல்சீ ஒரே ஆளுக்கு 106 மில்லியன் கொடுத்துச்சே, அது எப்படி கோட்டுக்குள்ள நின்னுது?"

இங்கேதான் என் பாடம் வருகிறது. நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். 50 லட்சத்துக்கு ஒரு லாரி வாங்கினால், வாங்கிய வருடமே 50 லட்சமும் செலவு என்று எழுத மாட்டோம். ஐந்து வருடம் ஓடும் என்றால் வருடத்துக்கு 10 லட்சம் தேய்மானம் எழுதுவோம். கால்பந்துக் கிளப்பும் வீரரை அப்படித்தான் எழுதுகிறது. கொடுத்த விலையை ஒப்பந்த வருடங்களால் வகுத்து, வருடா வருடம் கழிக்கிறது. 2023 ஜனவரியில் என்சோ ஃபெர்னாண்டசை 106.8 மில்லியன் பவுண்டுக்கு வாங்கிய செல்சீ, எட்டரை வருட ஒப்பந்தம் போட்டது. ஐந்து வருடமென்றால் ஆண்டுக்கு 21 மில்லியனுக்கு மேல் செலவு விழும். எட்டரை வருடமென்றால் 12.6 மில்லியன்தான். ஆள் அதே ஆள், விலை அதே விலை, இந்த வருடச் செலவு மட்டும் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. இதைப் பார்த்த யூஃபா அந்த ஆண்டே ஐந்து வருடத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. டிசம்பரில் பிரீமியர் லீகும் பின்தொடர்ந்தது.

"இப்ப உன் ஆண்டர்சன் கதைக்கு வா," என்றேன். வாங்கிய வீரரை விற்றால், இன்னும் கழிக்காமல் மிச்சமிருக்கும் மதிப்பு போகத்தான் லாபம். சொந்தப் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்த பையனுக்கு வாங்கிய விலையே இல்லை. புத்தகத்தில் அவன் மதிப்பு பூஜ்யம். விற்ற காசு முழுவதும் லாபமாக ஏறும். ஆக, நஷ்டக் கணக்கைச் சரிக்கட்ட வேண்டிய கிளப்புக்கு, விற்பதற்கு மிக வசதியான ஆள் அந்த ஊரிலேயே பிறந்து, அந்தச் சட்டையைப் போட ஆசைப்பட்டு வளர்ந்த பிள்ளைதான். கணக்கு முடியும் தேதி ஜூன் 30. ஆண்டர்சன் போனது அந்த வாரத்தில்.

அவன் பேசவில்லை. பிள்ளைகளை வளர்ப்பவனுக்கு இது உறைக்காமல் இருக்குமா?

அந்தத் தேதியின் கொடுமையை இன்னொரு கிளப் அனுபவித்தது. நாட்டிங்காம் ஃபாரஸ்ட், எட்டு வயதிலிருந்து தங்களிடம் வளர்ந்த பிரென்னன் ஜான்சனை 2023 செப்டம்பர் 1 அன்று 47.5 மில்லியன் பவுண்டுக்கு விற்றது. தேதி தாண்டிவிட்டதால் அந்தக் காசு முந்தைய கணக்கில் சேரவில்லை, நஷ்டம் கோட்டை மீறியது. ஜூன் 30-க்கு முன்பே அவசரப்பட்டு விற்றிருந்தால் இதைவிடக் குறைந்த விலைதான் கிடைத்திருக்கும், பொறுத்ததால் நல்ல விலை வந்தது என்று வாதாடியது. வாதம் எடுபடவில்லை. 2024 மார்ச்சில் 4 புள்ளிகளைக் கழித்தார்கள். பண்ருட்டிப் பக்கம் கடன் தவணைக்காக முந்திரியை வந்த விலைக்குத் தள்ளிவிட்ட குடும்பத்தைக் கேட்டால், இந்த வாதத்தின் நியாயம் ஒரு நொடியில் புரியும். கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்று போட்ட விதி, விளைந்ததை நஷ்டத்துக்கு விற்கச் சொல்லக் கூடாது.

மறுபக்கம் பாருங்கள். 2023-இல் செல்சீ தன் மைதானத்தை ஒட்டிய இரண்டு ஓட்டல்களை 76.5 மில்லியன் பவுண்டுக்கு விற்றது. வாங்கியது அதே முதலாளிகளின் இன்னொரு நிறுவனம். இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றிய பணம் கிளப்பின் கணக்கில் லாபமாக ஏறியது. அன்றைய பிரீமியர் லீக் விதியில் அதைத் தடுக்க வழியிருக்கவில்லை. யூஃபா அதை ஏற்காமல் 2025 ஜூலையில் 31 மில்லியன் யூரோ அபராதத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. விற்க ஓட்டல் உள்ளவர் ஓட்டலை விற்கிறார். இல்லாதவர் பிள்ளையை விற்கிறார்.

தண்டனையின் வேகத்திலும் இந்த வித்தியாசம் தெரிகிறது. எவர்ட்டன் மேல் 2023 மார்ச்சில் குற்றச்சாட்டு வந்தது. அனுமதித்த 105-க்குப் பதில் 124.5 மில்லியன் நஷ்டம். எட்டே மாதத்தில் 10 புள்ளிகள் போயின. மேல்முறையீட்டில் அது 6 ஆனது. மான்செஸ்டர் சிட்டி மேல் அதற்கு ஒரு மாதம் முன்பே, 2023 பிப்ரவரியில், நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளை லீக் அடுக்கியது. கிளப் எல்லாவற்றையும் மறுத்தது. விசாரணை தொடங்கவே 2024 செப்டம்பர் ஆயிற்று. சிட்டி வழக்கு பெரிது, காகிதம் அதிகம் என்பது உண்மை. ஆனாலும் சிறிய கிளப்பின் ரசிகன் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பானே, அவனுக்கு என்ன சொல்வது?

டீ ஆறிப்போயிருந்தது. இன்னொன்று சொன்னோம்.

"அப்ப விதியே வேணாங்கிறீங்களா மாமா?"

இல்லை. விதி கட்டாயம் வேண்டும். எதை வைத்து அளக்கிறோம் என்பதுதான் கேள்வி. யூஃபா இப்போது வைத்திருக்கும் அளவு சதவீதம். வீரர், பயிற்சியாளர் சம்பளம், டிரான்ஸ்ஃபர் தேய்மானம், ஏஜென்ட் கூலி எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. நோட்டில் இரண்டு வரி போட்டுப் பார்த்தோம். ஒரு கிளப்புக்கு வருமானம் 1,000 ரூபாய், இன்னொன்றுக்கு 100 ரூபாய். முதலாவது 700 செலவழிக்கலாம், இரண்டாவது 70. விதி வருவதற்கு முன் பத்து மடங்கு, வந்த பிறகும் பத்து மடங்கு. இரண்டும் திவாலாகாது, அது நல்லது. ஆனால் 70 ரூபாய்க்காரன் 700 ரூபாய்க்காரனை எந்தக் காலத்தில் எட்டிப் பிடிப்பான்? வெற்றி பெற்றால் வருமானம் கூடும், வருமானம் கூடினால் வரம்பு கூடும், வரம்பு கூடினால் மறுபடி வெற்றி. விரலுக்கேற்ற வீக்கம் என்பது குடும்பத்துக்கு நல்ல புத்திமதி. போட்டிக்கு அதையே சட்டமாக்கினால், பெருவிரல் என்றைக்கும் பெருவிரல், சுண்டுவிரல் என்றைக்கும் சுண்டுவிரல்.

இன்னோர் அளவு இருக்கிறது. அது எங்கள் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. அன்று காலை எங்களுக்கு முன்னால் தாலி கட்டியது ஒரு முந்திரி வியாபாரி வீட்டுப் பிள்ளை. எங்களுக்குப் பின்னால் ஒரு கொத்தனார் வீட்டுப் பெண். மண்டபம் ஒன்று, பெருமாள் ஒன்று, கோயிலில் போடும் ரசீதும் ஒன்று. தாலி கட்டக் கிடைத்த அரைமணி நேரமும் ஒன்று. வாசலுக்கு வெளியே அவரவர் வசதிக்கு விருந்து போட்டுக்கொள்ளட்டும். சன்னதிக்குள் எல்லோருக்கும் ஒரே அளவு. எல்லோருக்கும் ஒரே தொகை என்ற இந்த வரம்பைத்தான் ஐபிஎல்லில் பர்ஸ் என்கிறார்கள். 2025 பருவ ஏலத்தில் பத்து அணிக்கும் தலா 120 கோடி. முதலாளியின் சொத்து எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

கபடியில் இதன் பலனை நாமே பார்த்திருக்கிறோம். 2022-இல் புரோ கபடி லீகின் 9-ஆவது பருவத்துக்கு ஒவ்வோர் அணிக்கும் பர்ஸ் 4.4 கோடி ரூபாய். தமிழ் தலைவாஸ் அதில் பாதிக்கு மேல், 2.26 கோடியை, பவன் செராவத் ஒருவருக்கே கொடுத்தது. அன்றுவரை லீகில் யாருக்கும் போகாத விலை. பெங்களூரில் முதல் ஆட்டம். முதல் பாதியிலேயே எதிரணி ரைடரைப் பிடிக்கப் போன இடத்தில் பவனுக்கு முழங்காலில் அடி. அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பருவத்தில் அவர் திரும்பி வரவே இல்லை. கடலோரக் குப்பங்களில் கபடி பார்க்கிறவர்கள் அன்றைக்கே கதை முடிந்தது என்றார்கள். முடியவில்லை. நரேந்தர் என்ற புதுமுக ரைடர் 200-க்கும் மேற்பட்ட புள்ளிகள் எடுத்தார். பயிற்சியாளர் அஷன் குமார் வந்து இளைஞர்களை ஒன்றுசேர்த்தார். தலைவாஸ் தன் வரலாற்றில் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது.

எப்படி முடிந்தது? பையன்களின் உழைப்பு முதல் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. எதிரே நின்ற எந்த அணியிடமும் 44 கோடி இல்லை. எல்லோரும் அதே 4.4 கோடிக்குள் கட்டிய அணிகள்தான். அதனால் மிச்சமிருந்த பாதிப் பணத்தில் சேர்த்த பிள்ளைகளும் அவர்களோடு மல்லுக்கட்ட முடிந்தது. ஐரோப்பாவில் ஒரு சின்னக் கிளப் தன் பணத்தில் பாதியை ஒருவரிடம் வைத்து அவரை முதல் நாளே இழந்திருந்தால், அது கீழ் லீகுக்கு இறங்கியிருக்கும்.

"அங்கயும் பர்ஸ் வச்சிடலாமே?" என்றான்.

சுலபமில்லை, அதையும் சொல்ல வேண்டும். நம் லீக்குகளில் கீழே இறங்குவது கிடையாது. அணிகள் நிரந்தரம், அதனால் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தொகை பேசிவிட முடிகிறது. அங்கே ஒரு நாடு மட்டும் பர்ஸ் வைத்தால் நல்ல வீரர்கள் அடுத்த நாட்டுக்குப் போவார்கள். வீரர்களுக்கும் நியாயமான பயம் உண்டு, அவர்கள் விளையாடும் காலம் பத்துப் பதினைந்து வருடம்தானே. இங்கிலாந்தின் மூன்றாம், நாலாம் நிலை லீகுகள் 2020 ஆகஸ்டில் முறையே 2.5 மில்லியன், 1.5 மில்லியன் பவுண்ட் என்று சம்பள வரம்பு வைத்துப் பார்த்தன. வீரர்கள் சங்கம் எதிர்த்து வென்றது. 2021 பிப்ரவரியில் வரம்பு போயிற்று. 2025 நவம்பரில் பிரீமியர் லீக் கிளப்புகள் முன்னால் வந்த யோசனைகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, வருமானத்தில் 85 சதவீதம். மற்றொன்று, கடைசி இடத்துக் கிளப்புக்குக் கிடைக்கும் லீக் பணத்தின் ஐந்து மடங்குக்கு மேல் யாரும் செலவழிக்கக் கூடாது என்பது. முன்னதை 2026-27 பருவத்திலிருந்து என்று ஏற்றார்கள். பின்னதைத் தள்ளினார்கள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவன் இலையைப் பார்த்து முதல் பந்திக்கு அளவு வைக்கும் யோசனை அது. எனக்கு அதுதான் பிடித்தது.

இதுவரை பேசியது வாங்குகிறவர் பக்கம். என் மனசு இருப்பது இன்னொரு பக்கத்தில்.

பெண்கள் கால்பந்தில் கடலூருக்குத் தனிப் பெயர் உண்டு. இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் இந்த ஊர்க்காரர், காவல்துறையில் உதவி ஆய்வாளர். இங்கிருந்து இந்திரா காந்தி அகாடமி அணி 2017-18 இந்திய மகளிர் லீகில் போய் ஆடியது. இப்படிப் பிள்ளைகள் உருவாகும் இடங்களில் விடியற்காலை ஐந்தரைக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர், கிழிந்த பந்தைத் தைத்துக் கொடுக்கிறவர், முட்டை வாங்கித் தருகிறவர் பெயர் எந்த ஏலத்திலும் வராது.

ஆனால் உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் விதியில் அவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. வீரர் நாடு விட்டு நாடு விலைக்கு மாறும்போது, அந்த விலையில் 5 சதவீதத்தை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். 12 வயதுப் பருவம் முதல் 23 வயதுப் பருவம் வரை கணக்கு. நோட்டில் எழுதினேன். விலை 10 கோடி என்று வை. 5 சதவீதம் 50 லட்சம். 12 முதல் 15 வரை ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டரை லட்சம். 16 முதல் 23 வரை ஒவ்வொரு வருடத்துக்கும் 5 லட்சம். 12 வயதில் சேர்ந்து நாலு வருடம் உன்னிடம் ஆடிய பிள்ளைக்கு உன் கிளப்பின் பங்கு 10 லட்சம்.

அவன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். "பத்து லட்சத்துல ரெண்டு வருஷம் அத்தனை பிள்ளைகளுக்கும் பாலும் முட்டையும் கொடுக்கலாம் மாமா."

இதில் ஒரு குறையும் உண்டு. இளம் வீரர் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போதும், 23 வயதுக்குள் மாறும்போதும் வளர்த்த கிளப்புக்குத் தரும் பயிற்சி இழப்பீடு என்று இன்னொன்று இருக்கிறது. அது பெண்கள் கால்பந்துக்குப் பொருந்தாது என்று ஃபிஃபா எழுதிவைத்தது. பணம் குறைந்த பெண்கள் கிளப்புகள் அந்தத் தொகைக்குப் பயந்து பெண்களை எடுக்காமல் போய்விடக் கூடாது என்பது காரணம். காரணம் நல்லதுதான். ஆனாலும் கடலூரில் பெண்பிள்ளைகளை வளர்க்கிறவர் கை காலியாகவே இருக்கிறது. எடுக்கிற கிளப்பிடம் வாங்க வேண்டாம். ஆயிரம் கோடிகள் புரளும் டிரான்ஸ்ஃபர் சந்தையிலிருந்து ஒரு பொது நிதி எடுத்து அவர்களுக்குக் கொடுக்கட்டும். செலவு விதியின் நியாயத்தை நான் அளப்பது இந்த இரண்டு கோலால்தான்: உச்சியில் எல்லோருக்கும் ஒரே கோடு, அடியில் விதை போட்டவருக்குப் பங்கு.

"இந்த 5 சதவீதம் தானா வருமா மாமா?"

வரும், ஒரு நிபந்தனையோடு. 2022 நவம்பரிலிருந்து ஃபிஃபாவின் தீர்வகம் ஒன்று பாரிசில் இயங்குகிறது. வீரர் எந்த வருடம் எந்தக் கிளப்பில் பதிவாகியிருந்தார் என்ற மின்னணுக் கடவுச்சீட்டை வைத்து அது பங்கு பிரிக்கிறது. நம் நாட்டில் அந்தப் பதிவு அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் மையப் பதிவு முறையில் ஏற வேண்டும். கிளப்பும் சங்கத்தில் பதிவான கிளப்பாக இருக்க வேண்டும். பதிவு இல்லையென்றால், அந்தப் பிள்ளை உன் மண்ணில் ஆடியதற்குச் சாட்சியே இல்லை.

"காலையில மொய் எழுதினியே," என்றேன். "நூறு ரூபாய் வச்சவரானாலும் பேரும் ஊரும் போட்டு எழுதினியா இல்லையா? எதுக்கு?"

"நாளைக்கு அவங்க வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்யணும்ல."

"பேரு விட்டுப்போனா?"

அவன் பதில் சொல்லவில்லை. உள்ளே இலை போட்டாயிற்று என்று தங்கை கூப்பிடும் சத்தம் கேட்டது. அவன் எழுந்திருக்கவில்லை. கணக்குப் போட்ட பக்கத்தைப் புரட்டிப் புதுப் பக்கம் எடுத்தான். மேலே மஞ்சக்குப்பம் என்று எழுதி, கோடு போட்டு, பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி என்று மூன்று கட்டம் பிரித்தான். 12 வயது முடிந்த பிள்ளைகளாக நினைவிலிருந்து எழுதத் தொடங்கினான். ஒன்பதாவது பெயரில் பேனா நின்றது. அந்தப் பெண்ணின் பிறந்த தேதி தெரியவில்லை. சாயங்காலம் மைதானத்தில் கேட்டுக்கொள்கிறேன் என்று இடம் விட்டுவிட்டு, பத்தாவது பெயரை எழுதினான்.